மூத்தவன் போன காட்சி

அண்ணை திரும்பி வருவாரா மாட்டாரா என்று அறிவதற்காக நான் ஒரு நாள் இணுவிலிலிருந்து புத்தூருக்குச் சைக்கிளில் போனேன். புத்தூரில் எங்கள் அண்ணையைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு ரீவி நாடகத்தைப் பார்த்த பெண் ஒருத்திதான் இருந்தாள். அவளிடம்தான் போனேன். விசர் என்பீர்கள். விசர்தான். நான் நின்ற நிலையில் நீங்கள் நின்றிருந்தால் நீங்களும் சைக்கிளை எடுத்திருப்பீர்கள்.

அப்போது நான் பிணை. குடாநாடு இயக்கத்தின் கையில் இருந்த காலம். அதைவிட்டு வெளியே போவதென்றால் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுப்பதென்றால் வீட்டாரில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் தவணைக்குத் திரும்பி வந்து பாஸைக் கொடுத்தால் பிணை நின்றவர் விடுபடுவார். வராவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். போனவர் வரும்வரைக்கும் பிணை நின்றவருக்குப் பாஸ் என்ற பேச்சே இல்லை. அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் பிணை நிற்காத வீடு குறைவு.

அண்ணைக்குக் கண்ணில் சன்னத் துண்டு ஒன்று பட்டுவிட்டது. சங்கக்கடை வாசலில் நின்றவருக்கு, கெலிகொப்டரிலிருந்து சுட்டது. இங்கே எடுக்க ஏலாது, கொழும்புக்குக் கொண்டுபோங்கோ என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்பா உயிரோடு இல்லை. அம்மா பிணை நிற்கிறேன் என்றதற்கு, வயது போனவர்களின் பிணை எடுபடாது என்றார்கள். மிஞ்சியது நான். போய்க் கையெழுத்துப் போட்டேன். எனக்கென்ன பயம், போகிறவர் எங்கள் அண்ணை அல்லவா?

தவணை முடிந்தது. அண்ணை வரவில்லை. கிளாலிக் கடலால் வருகிறவர்களிடம் ஒரு சொல் சொல்லி அனுப்பினால்கூடப் போதும், அதுவும் இல்லை. எனக்கோ ஜேர்மனியில் இருக்கிற ஒருவரோடு கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. நான் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தால் மிச்சத்தை அவர் பார்ப்பார். ஆவணிக்குள் நான் வெளிக்கிடாவிட்டால் வேறு இடம் பார்க்கவேண்டி வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் கோயில் வீதியில் வைத்து அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அண்ணை வந்தால் நான் போகலாம். அண்ணை வராவிட்டால் நான் இந்த மண்ணிலேயே கிடந்து ஆமி அடிக்கிற செல்லுக்குச் சாக வேண்டியதுதான். அப்படித்தான் நினைத்தேன், அதில் ஒரு ஒளிப்பு மறைப்பும் இல்லை.

கிழமைக்கு ஒருமுறை பாஸ் கொடுக்கிற கந்தோருக்குப் போய் மர வாங்கில் குந்தியிருக்க வேண்டும். அங்கே பொறுப்பாய் இருந்தவனுக்கு என்னைவிட வயது குறைவு. "அக்கா, உங்கடை அண்ணர் எங்கை?" என்று மரியாதையாய்த்தான் கேட்பான். அந்த மரியாதைக்குத்தான் எனக்குப் பயம். "வருவார் தம்பி, கண் இன்னும் சுகப்படேல்லைப் போலை" என்பேன். "அடுத்த கிழமை வாங்கோ. ஆளோடை வந்தியளெண்டால் உங்களுக்கும் நல்லது" என்பான். பதினைந்து நாள் வைத்திருந்த மாங்காய்போல முகம் வாடி வீட்டுக்கு வருவேன். வந்து அம்மாவிடம் எரிந்து விழுவேன்.

இனி அந்த நாடகத்துக்கு வருகிறேன். அது கரண்ட் இருந்த கடைசிக் காலம். அப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த ரீவி எங்கள் விறாந்தையில் இருந்தது. கிழமையில் ஒரு நாள் பின்னேரம் இந்தியாவிலிருந்து ஒரு தமிழ் நாடகம் வரும். அதைப் பிடிக்கிற உயரத்தில் அன்ரெனா எங்கள் ஒழுங்கையில் எங்களிடம் மட்டும்தான் இருந்தது. கமுகு உயரத்துக்கு ஓர் இரும்புப் பைப், அதன் நுனியில் அன்ரெனா. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் பைப்பைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் படம் நிற்கும். கையை விட்டால் அன்ரெனா சுற்றிப்போகும், திரை முழுக்கப் புள்ளிதான்.

அந்தப் பைப்பைப் பிடிக்கிற உத்தியோகம் அண்ணைக்கு. அரை மணித்தியாலமும் வெளியே நிற்பார். நாங்கள் உள்ளே பாயில் இருந்துகொண்டு கத்துவோம். "அண்ணை, கொஞ்சம் வடக்காலை! ஐயோ, கூடிப்போச்சு! ஆ, சரி, சரி, மூச்சும் விடாதேங்கோ!" பாவம், அந்த நாடகத்தில் ஒரு முகத்தைக்கூட அவர் கண்டதில்லை. யன்னலால் வருகிற சத்தம்தான் அவருக்கு நாடகம். முடிந்த பிறகு வந்து, "அந்தத் தங்கச்சி என்ன நிறச் சீலை உடுத்திருந்தவ?" என்று கேட்பார். நாங்கள் சிரிப்போம்.

கதை பெரிய கதை இல்லை. ஒரு வீட்டில் விதவைத் தாய், மூத்த மகன், கலியாணத்துக்கு நிற்கிற தங்கச்சி. அந்த மூத்த மகனுக்கு நாடகத்தில் ஏதோ பெயர் இருந்தது, எங்கள் வீட்டில் அவன் மூத்தவன்தான். தங்கச்சியின் கூறைச்சீலையும் நகையும் இருந்த தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பட்டணத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறான். ஒரு மாதத்தில் வந்து கலியாணத்தைச் செய்துவைக்கிறேன் என்று தங்கச்சியிடம் முதல் நாள்தான் சொல்லியிருப்பான். வரவில்லை. கலியாணம் குழம்பிப்போய்த் தங்கச்சி கல்லுடைக்கப் போகிறாள். இவன் பட்டணத்தில் ஒரு கடையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கிறான். ஆனால் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், வாயில் வைக்கமாட்டான். அழவும் மாட்டான். இவனை என்னவென்று எடுப்பது? வில்லன் என்றால் வில்லன் மாதிரி இருக்க வேண்டாமா?

அம்மாவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. மூத்தவனின் முகம் திரையில் வந்தால் போதும், முற்றத்துக்கு ஓடிப்போய் ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு வருவார். "நாசமறுவான்! பெத்தவளையும் கூடப்பிறந்தவளையும் தவிக்க விட்டிட்டுப் போனவனே, நீ மண்ணாய்ப் போவாய்!" என்று திரைக்கு எறிவார். "என்னணை அம்மா, ரீவிக்குள்ளை மண் போகுது!" என்று நான் துடைப்பேன். மண் அள்ளித் திட்டுவதென்றால் எங்கள் ஊரில் அது விளையாட்டில்லை. அந்தத் திட்டு பலிக்கும் என்று பயப்படாத ஆள் இல்லை. அம்மா உயிருள்ள மனிசர் ஒருவருக்கும் ஒரு நாளும் மண் அள்ளியவர் இல்லை. நாடகக்காரன்தானே, அவனுக்கு என்ன பலிக்கப்போகிறது என்று துணிந்து அள்ளினார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மூத்தவன் வீட்டைவிட்டுப் போகிற காட்சியை நாங்கள் பார்க்கவே இல்லை. தாய் வாசலில் நிற்கிறாள், அவன் பெட்டியண்டை குனிகிறான், அந்த நேரம் பார்த்து ஒழுங்கை முடக்கில் நாய்கள் குரைத்தன. ஆமி ரோந்து. அப்போது ஊர் ஆமியின் கையில் இருந்தது. இளம் பெடியன் ஒருவன் இரும்புப் பைப்பைப் பிடித்துக்கொண்டு வளவுக்குள் நின்றால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அண்ணை கையை விட்டுவிட்டுக் குசினிக்குள் பாய்ந்தார். திரையில் புள்ளி. சத்தத்தையும் குறைத்துவிட்டு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். சப்பாத்துச் சத்தம் போய் மறைந்த பிறகு அண்ணை மெல்ல வந்து பைப்பைத் திருப்பினார். படம் வந்தது. மூத்தவன் பஸ்ஸில் இருக்கிறான், மடியில் பெட்டி.

"தாயைத் தள்ளிப்போட்டுப் பறிச்சுக்கொண்டு போறான் போலை கிடக்கு" என்றார் பக்கத்து வீட்டு மாமி. போலை என்றுதான் சொன்னார். அடுத்த நாள் கிணற்றடியில் அந்தப் போலை இல்லை. அதற்கடுத்த கிழமை, அவன் தாயைத் தள்ளி விழுத்தியதை நாங்கள் எல்லாரும் கண்ணால் கண்டிருந்தோம். நானும்தான். அந்தத் தாய் எந்தப் பக்கம் விழுந்தாள், எந்தக் கையை ஊன்றினாள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன்.

அண்ணை ஒருவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவன் வில்லன் எண்டு என்னாலை சொல்ல ஏலாது" என்றார்.

"நாடகத்தைக் கண்ணாலையும் காணாத ஆள் நியாயம் கதைக்க வந்திட்டார்!" என்றேன்.

"நான் காணேல்லைத்தான். நீங்களும் அந்தக் காட்சியைக் காணேல்லை. உள்ளுக்கை என்ன நடந்தது எண்டு ஆருக்குத் தெரியும்?"

அம்மா குறுக்கே விழுந்தார். "என்ன நடந்தால் என்ன? போனவன் திரும்பி வந்தவனோ? வராதவன் வில்லன்தான். வேறை கதை இல்லை."

"கடைசியிலை வருவான், இருந்து பாருங்கோ" என்றார் அண்ணை.

அந்தக் கடைசி எங்களுக்குக் கிடைக்கவில்லை. நாடகம் முடிய இன்னும் சில கிழமை இருக்கும்போது ரோந்து வந்தவர்கள் வளவுக்குள் இறங்கினார்கள். அந்த உயரமான பைப்பை ஏதோ வயர்லெஸ் என்று நினைத்துவிட்டார்கள். அம்மா ரீவியைத் தொட்டுக் காட்டினார், திரையில் ஆட்கள் ஆடுவதைக் கையால் ஆடிக் காட்டினார். என்ன பாடுபட்டும் எடுபடவில்லை. அண்ணைக்குக் கன்னத்தில் இரண்டு விழுந்தது. பைப்பை வளைத்து முறித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் கரண்டும் போய்விட்டது. ரீவிக்கு மேலே அம்மா மிளகாய்ச் சுளகு வைத்தார். மூத்தவன் வந்தானா இல்லையா என்ற கேள்வி மட்டும் வீட்டில் மிஞ்சியது. செல்லடிக்குப் பங்கருக்குள் இருக்கும்போதும் அம்மாவும் அண்ணையும் அதை வைத்துக் கொழுவிக்கொள்வார்கள். பயத்தை மறக்க அது நல்ல மருந்தாய் இருந்தது.

பிறகு அண்ணை போனார், வரவில்லை, நான் பிணை. ஒரு நாள் பாஸ் கந்தோர் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த புத்தூர்க்காரி, தன் மச்சாள் இந்தியாவில் அகதி முகாமில் இருந்துவிட்டு வள்ளத்தில் வந்திருக்கிறாள், வந்த நாளிலிருந்து அங்கே பார்த்த ரீவி நாடகங்களின் கதைதான் வாயில் என்று சலித்துக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நாடகமும் பார்த்திருப்பாளா என்று கேட்டேன். கதையைச் சொன்னேன். "தங்கச்சி கல்லுடைக்கிற நாடகமோ? ஐயோ, அதைச் சொல்லிச் சொல்லி எங்கடை காதைத் தின்னுறாள்!" என்றாள்.

அதுதான் நான் புத்தூருக்குப் போன கதை. மூத்தவன் வந்திருந்தால் அண்ணையும் வருவார். எனக்குள் அப்படி ஒரு கணக்கு. கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பதில்லையா, அப்படித்தான். பூப்போட்டும் பார்த்திருந்தேன், ஒரு நாள் வெள்ளை வந்தது, ஒரு நாள் சிவப்பு வந்தது. அதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பது?

அந்தப் பெண் வெங்காயத் தறையில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். நான் கேட்டதும் சிரித்தாள். "இதைக் கேக்கவோ அக்கா இணுவிலிலையிருந்து வெய்யிலுக்கை வந்தனீங்கள்?" என்றாள். ஓம் என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பயந்து எழும்பி, கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து என்னை வரம்பில் இருத்தினாள்.

"அவன் தாயைத் தள்ளினவனோ?" என்றுதான் முதலில் கேட்டேன். ஏன் அதை முதலில் கேட்டேன் என்று தெரியவில்லை.

"தள்ளுறதோ? ஆர் சொன்னது? தாய்தான் பெட்டியைத் தூக்கி, வித்துப் பிழை எண்டு அவன்ரை கையிலை குடுத்தவ. அவனைக் கொல்லவெண்டு ஊரிலை ஆக்கள் தேடித் திரிஞ்சவங்கள், அது தாய்க்கு மட்டும்தான் தெரியும். தங்கச்சிக்குச் சொல்லாதை, போ, திரும்பி வந்தாயெண்டால் என்ரை முகத்திலை முழிக்காதை எண்டு சொல்லித் தாய்தான் கதவைச் சாத்தினது. அவன் கனநேரம் கதவிலை தலையை வைச்சுக்கொண்டு நிண்டவன். நான் அண்டைக்குச் சோறு தின்னேல்லை அக்கா."

"கடைசியிலை வந்தவனோ?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "கடைசி நாள் பின்னேரம் முகாமிலை பொலிஸ் வந்து ஆள் எண்ணினது. எங்களை வெளியிலை விடேல்லை. நான் பாக்கேல்லை." பிறகு என்ன நினைத்தாளோ, "வந்திருப்பான் அக்கா. வராமல் என்ன?" என்றாள். அது எனக்காகச் சொன்னது. ஒரு பிடி வெங்காயத்தையும் முடிந்து தந்து அனுப்பினாள்.

திரும்பி வருகிற வழியில் பொம்பர் வந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு மதகுக்குக் கீழே போய்க் குந்தினேன். அங்கே குந்தியிருக்கும்போதுதான் அண்ணை போன நாள் என் கண்ணுக்குள் வந்தது. காலையில் நான் பிணைக் கையெழுத்துப் போடக் கந்தோருக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால் அம்மாவும் அண்ணையும் கிணற்றடியில் நிற்கிறார்கள். அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்தார். பயணம் போகிற பிள்ளையைப் படலைவரை வந்து திருநீறு பூசி அனுப்புகிற அம்மா, அன்றைக்குக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாங்க ஏலாமல் போகிறார் என்று நினைத்தேன். நான் எவ்வளவு பெரிய பேய்! கிணற்றடியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்கு அந்த இடத்தில் புள்ளி.

பொம்பர் குண்டு போட்டுவிட்டுப் போனதா, போடாமல் போனதா என்றுகூட நினைவில்லை. வீட்டுக்கு வந்தேன். அம்மா குசினியில் ஒடியல் மா அரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அண்ணை போன அண்டைக்குக் கிணத்தடியிலை அவருக்கு என்ன சொன்னனீங்கள்?"

அரிதட்டு நின்றது. "என்னத்தைச் சொல்லுறது, கவனமாய்ப் போட்டு வா எண்டு…"

"வராதை எண்டு சொன்னனீங்களோ?"

அம்மா அரிதட்டை மெல்ல நிலத்தில் வைத்தார். "ஓம்" என்றார்.



"ஒரு கண் போனவனை இஞ்சை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்ய? ஒண்டில் செல் விழும், ஒண்டில் பங்கர் வெட்டக் கூப்பிடுவினம், ஒண்டில் பிடிச்சுக்கொண்டு போவினம். அவன் எங்கையெண்டாலும் உயிரோடை இருக்கட்டும் எண்டு சொன்னனான். கொழும்பிலை மாமா ஏஜென்சிக்காரனைப் பிடிச்சு வெளிநாட்டுக்கு அனுப்புவார். நீ பொம்பிளைப் பிள்ளை, உன்னை என்ன செய்யப்போகினம்? நாலு தரம் கூப்பிட்டுக் கேப்பினம், பிறகு விட்டிடுவினம்."

"என்ரை கலியாணம்?"

"உயிரோ, கலியாணமோ பெரிசு?"

"என்ரை உயிர் உயிரில்லையோ? என்னைப் பிணை வைச்சுப்போட்டோ அவரை அனுப்பினனீங்கள்? ஒரு சொல்லு எனக்குச் சொன்னனீங்களோ?"

"சொன்னால் நீ கையெழுத்துப் போட்டிருப்பியோ?"

போட்டிருக்கமாட்டேன். அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கோபத்தில்தான் நான் கத்தினேன். "அப்ப அந்த மூத்தவனுக்கு ஏனணை மண் அள்ளினனீங்கள்? அவனையும் தாய்தான் போகச் சொன்னவ. கதவைச் சாத்தினதும் தாய்தான். புத்தூரிலை கேட்டுக்கொண்டு வாறன். கண்ணாலை காணாத ஒண்டுக்கு எவ்வளவு மண் அள்ளினனீங்கள்!"

"அந்தத் தாயும் சொன்னவவோ?" என்று மட்டும் அம்மா கேட்டார். பிறகு அரிதட்டை எடுத்து அரிக்கத் தொடங்கினார். அன்றைக்கு நான் கதைத்த கதை ஒரு மகள் தாயோடு கதைக்கிற கதை இல்லை. அம்மாவை வெறுத்தேன். அண்ணையையும் வெறுத்தேன். தாய் சொன்னால் கேட்டுக்கொண்டு போய்விடுகிறதா? அவருக்கு அறிவில்லையா? இரவு பகலாய் மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்தேன். அடுத்த கிழமையும் கந்தோர் வாங்கில் போய் இருந்தேன். "அக்கா, இனி நாங்களும் மேலை பதில் சொல்லவேணும்" என்றான் பொறுப்பாளன். ஆவணி பிறக்கக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அந்த ஆவணி பிறக்குமுன் ஒரு காலை அண்ணை படலையைத் திறந்துகொண்டு வந்தார். கறுப்புக் கண்ணாடி, தோளில் ஒரு பை, காற்சட்டையில் முழங்கால்வரை உப்பு. அம்மா கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். கையிலிருந்த கயிறு நழுவி, வாளி கிணற்றுக்குள் போய் விழுந்தது.

"ஏன்ரா வந்தனீ?" என்று அம்மா கத்தினார். வயிற்றில் அடித்துக்கொண்டு கத்தினார். "ஐயோ, என்ரை பிள்ளை வந்திட்டானே! ஏன்ரா மோனை வந்தனீ?" செத்தவீட்டுச் சத்தம் என்று நினைத்து அயலட்டை ஓடி வந்தது. வந்தவர்கள் அண்ணை முழு ஆளாய் நிற்பதைக் கண்டு விறைத்துப்போய் நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கங்கெட்ட சிரிப்பு, அடக்க ஏலவில்லை. அண்ணை வந்துவிட்டார், நான் போகலாம். உள்ளுக்குள் அது ஒன்றுதான் ஓடியது.

"தங்கச்சி பிணையிலை நிக்கிறாளணை" என்றார் அண்ணை. "கொழும்பிலை மாமி நல்லாய்த்தான் சமைச்சுத் தந்தவ. கோப்பைக்கு முன்னாலை குந்தினால் உள்ளுக்குப் போகேல்லை."

அடுத்த நாள் காலை கந்தோருக்கு வெளிக்கிட்டோம். வீட்டில் ஒரே ஒரு சைக்கிள். அண்ணை மிதிக்கிறார், நான் பின்னால் கரியரில். அம்மா கரியரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "நீ போகாதை. இவள் போய்ச் சொல்லட்டும், நீ வந்திட்டாய் எண்டு. இவள் சொன்னால் காணும்" என்றார். ஆள் நேரே வந்து பாஸைக் கொடுக்காவிட்டால் பிணை கழியாது என்று அம்மாவுக்குத் தெரியாததில்லை. அண்ணை இறங்கி, அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி எடுத்துவிட்டார்.

வழியில் புத்தூர்க் கதையைச் சொன்னேன். அண்ணைக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஹான்டிலை ஒரு கையால் அடித்தார். "பாத்தியே! நான் அப்பவே சொன்னனான் எல்லே, அவன் வில்லன் இல்லை எண்டு! எல்லாரும் சேந்து என்னைப் பேயனாக்கினியள்!"

"ஓம், ஓம், நீங்கள்தான் கெட்டிக்காரன். றோட்டைப் பாத்து ஓடுங்கோ."

கொஞ்சத் தூரம் மிதித்தார். பிறகு சொன்னார், "ஆனால் அவன் வந்திருக்கவேணும், தங்கச்சி. தாய் ஆயிரம் சொல்லுவா. கதவைச் சாத்தத்தான் செய்வா. அதைச் சாட்டாய் வைச்சுக்கொண்டு அங்கை இருக்கேலுமோ? நானும் இவ்வளவு நாளும் அம்மா சொன்னவ, அம்மா சொன்னவ எண்டுதான் என்னை நானே ஏமாத்திக்கொண்டு இருந்தனான்."

"அப்ப அவன் வில்லனோ?"

"வில்லன் இல்லை. பயந்தவன். என்னை மாதிரி" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தேன்.

கந்தோரில் பொறுப்பாளன் பாஸை வாங்கிப் பார்த்தான். அண்ணையைப் பார்த்தான். "கண்ணாடியைக் கழட்டுங்கோ அண்ணை" என்றான். கழற்றினார். "தவணைக்கு மேலை இவ்வளவு காலம் கொழும்பிலை என்ன செய்தனீங்கள்? ஆரோடை பழகினனீங்கள்? உள்ளை வாங்கோ, கொஞ்சம் கதைக்கவேணும்." அண்ணை உள்ளே போனார். அவன் என் பக்கம் திரும்பி, "அக்கா, உங்கடை பிணை கழிஞ்சுது. இனி உங்களுக்கு ஒரு தடையும் இல்லை. விரும்பினால் இண்டைக்கே பாஸுக்கு எழுதிப் போடலாம்" என்றான்.

எழுதிப் போடவில்லை. வாங்கிலேயே இருந்தேன். மத்தியானம் போயிற்று, வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். வெயில் சாய்கிற நேரம் அண்ணை உள்வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். சைக்கிள் பூட்டின் திறப்பை என் கையில் தந்தார். கறுப்புக் கண்ணாடியைத் திரும்பப் போட்டிருந்தார். கண் என்ன சொல்லியது என்று எனக்குத் தெரியவில்லை. "நீ போ. நான் வாறன் எண்டு அம்மாட்டைச் சொல்லு" என்றார்.

அதுதான் நான் அண்ணையைக் கடைசியாகக் கண்டது. பிறகு அம்மாவும் நானும் எத்தனை வாசலில் போய் நின்றோம் என்று சொல்லி முடியாது. ஊரே பெட்டி படுக்கையோடு தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்த நாள்வரைக்கும் அலைந்தோம். விசாரணை முடியேல்லை என்றார்கள், வேறு இடத்துக்கு மாற்றியாச்சு என்றார்கள், அப்படி ஓர் ஆள் இல்லை என்றார்கள். ஆவணி வந்து போயிற்று. ஜேர்மனி மாப்பிள்ளைக்கு வேறு இடம் சரிவந்தது. பாஸ் எடுக்க எனக்கு ஒரு தடையும் இருக்கவில்லை, நான் எடுக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பின்னேரத்தை. நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஒழுங்கையால் வந்தேன். சோளகம் எதிர்த்து அடித்தது. அம்மா படலையில் நின்றார். காலையிலிருந்தே அங்கேதான் நின்றிருக்கிறார். உடம்பில் அதே சீலை, அடுப்பும் மூட்டவில்லை.

"எங்கை?" என்றார்.

"வாறாராம்" என்றேன்.

அம்மா எனக்குப் பின்னால் பார்த்தார். கரியர் வெறுமையாய் இருந்தது. பிறகு குனிந்தார். படலையடி மண்ணில் கையைப் புதைத்து ஒரு பிடி அள்ளினார்.

அந்தக் கையை எனக்குத் தெரியும். எத்தனை தரம் கண்டிருக்கிறேன், எத்தனை தரம் திரையைத் துடைத்திருக்கிறேன். அம்மா உயிருள்ள மனிசருக்கு அள்ளுகிற முதல் மண் எனக்குத்தான் என்று விளங்கியது. பத்திரமாய்ப் போன பிள்ளை திரும்பி வந்தது என்னால். அவனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு விடுபட்டு வந்து நிற்கிறவள் நான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சைக்கிளைப் பிடித்தபடி, விழட்டும் என்று நின்றேன்.

மண் விழுகிற சத்தம் கேட்டது. என்மேல் ஒரு துகளும் படவில்லை. கண்ணைத் திறந்தேன். அம்மாவின் தலைமயிரிலும் நெற்றியிலும் மண் வழிந்துகொண்டிருந்தது. அவர் இன்னொரு பிடி அள்ளித் தன் தலையில் போடக் குனிந்துகொண்டிருந்தார்.